மலையகத்தில் எந்த சிம் எடுப்பது? கவரேஜா, வேகமா: படிப்படியான முழு வழிகாட்டி

கொழும்பில் இருக்கிறவர் சிம் வாங்கும்போது கேட்கிற கேள்வி வேறு. அக்கரப்பத்தனையில் இருக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொழும்புக்காரருக்கு எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் கோல் போகும். எது வேகம், எது மலிவு என்று பார்த்தால் போதும். நமக்கு அந்த வசதி இல்லை. தலவாக்கலை டவுனில் பறக்கிற சிம், தோட்டத்து ரோட்டில் திரும்பி இரண்டு மூன்று வளைவு ஏறியதும் படுத்துவிடும். அதே வளைவில் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் வேறு கம்பெனி சிம்மில் வீடியோ கோல் பேசிக்கொண்டு வருவார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் குடியிருப்பவருக்குக் கவரேஜ் முதலாவது, அறுந்துபோகாத 4ஜி இரண்டாவது, வேகம் மூன்றாவது. டவுனில் குடியிருப்பவருக்கு இந்த வரிசை மாறலாம், அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் கவரேஜ் என்றால் மாவட்டத்துக் கவரேஜையோ, கம்பெனி படத்தில் பச்சை நிறம் அடித்த கவரேஜையோ நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டு இஸ்தோப்பிலும் (முன் விறாந்தையிலும்), உள் காம்பராவிலும், நீங்கள் வேலை செய்யும் மலையிலும் கிடைக்கிற சிக்னலைச் சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் கீழே இருப்பது.

படி 1: எங்கே, எப்போது, எதற்கு

ஒரு பழைய கொப்பித் தாளை எடுங்கள். வீட்டில் யார் யார் போன் பாவிக்கிறார்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காக என்று எழுதுங்கள். அம்மா காலையில் கொழுந்து மலையில், அப்பா கொழும்பில் கடையில் நின்று இரவு எட்டு மணிக்குக் கோல் எடுப்பார், மகள் சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள், பின்னேரம் சூம் வகுப்பு, தாத்தாவுக்கு கோல் மட்டும்தான். இப்படி எழுதினால்தான் எந்த இடம் முக்கியம் என்று தெரியும். பெரும்பாலான வீடுகளில் மூன்று இடம்தான் வரும்: வீட்டுக்குள்ளே, வேலை செய்யும் இடம், டவுனுக்குப் போகிற பாதை.

இதில் ஒன்றைக் கட்டாயம் என்று குறியுங்கள். இரவில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் 1990க்கு, அதாவது சுவசெரிய அம்புலன்சுக்கு, எந்த இடத்திலிருந்து கோல் எடுப்பீர்களோ அந்த இடம். அங்கே கோல் போகாத சிம், எவ்வளவு டேட்டா இலவசமாகக் கொடுத்தாலும் முதல் சிம் ஆக முடியாது.

படி 2: மலை சிக்னலை என்ன செய்கிறது

போன் சிக்னல் ரேடியோ அலை. பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். டவரிலிருந்து டோர்ச் அடித்தால் உங்கள் வீட்டில் வெளிச்சம் விழுமா என்று யோசித்துப் பாருங்கள். விழும் என்றால் சிக்னலும் நன்றாக விழும். இடையில் ஒரு மலைமுகடு நின்றால் அதற்குப் பின்னால் நிழல். அதனால்தான் பக்கத்தில் டவர் இருந்தும் சில லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் இல்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பல கிலோமீற்றர் தள்ளி எதிர்மலையில் நிற்கிற டவர் அழகாக எடுக்கிறது. “எங்கள் வீட்டுக்குக் கிட்ட எந்த டவர்?” என்று கேட்காதீர்கள். “எங்கள் வீட்டு வாசலுக்கு எந்த டவர் தெரிகிறது?” என்று பாருங்கள். இரவில் பார்த்தால் உயர்ந்த டவர் உச்சியின் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுக்கும்.

டவர் தெரிந்துவிட்டது என்பதற்காக உங்கள் கம்பெனி அதில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே டவரில் பல கம்பெனிகள் அன்டெனா கட்டுவதும் உண்டு, ஒன்று மட்டும் கட்டியிருப்பதும் உண்டு. அன்டெனாவின் முகம் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ரோட்டையும் டவுனையும் பார்த்து நிற்கிற அன்டெனா, முதுகுப் பக்கம் இருக்கிற கீழ்க்கணக்குக்கு (தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு) பெரிதாக உதவாது.

அலைவரிசை அடுத்த விஷயம். இலங்கையில் போன்கள் பாவிக்கிற அலைகளில் 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரிக் குறைந்த அலைகள் தூரம் போகும். சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். முகட்டின் ஓரத்தில் கொஞ்சம் வளைந்து இறங்கும். 1800, 2100 போன்ற உயர்ந்த அலைகளில் அதிக டேட்டா அனுப்ப முடியும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. உலகத்தில் 5ஜிக்கு அதிகம் பாவிக்கப்படுவது 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள். அவை இன்னும் கிட்டத்திலேயே நின்றுவிடும். வேகமும் தூரமும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதால்தான் கவரேஜா வேகமா என்ற கேள்வியே வருகிறது. மட்டமான நிலத்தில் கூடுதல் டவர் கட்டி அதைச் சமாளிக்கலாம். நம் ஊரில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு டவர் வேண்டும், அந்த மடிப்பில் நாற்பது குடும்பம்தான் இருக்கும். கம்பெனி கணக்குப் பார்க்கும்.

லயத்துக் கூரையும் சேர்ந்து சதி செய்யும். தகரம் உலோகம், அலையைத் திருப்பி அனுப்பும். கல்லுச்சுவர், தகரக் கூரை, சின்ன யன்னல், பின்பக்கம் மண்மேடு என்று இருக்கிற காம்பராவுக்குள் சிக்னல் வர ஒரே வழி வாசல்தான்.

மழைக்கும் மூடுபனிக்கும் உள்ள பழியையும் இங்கேயே பிரித்துவிடலாம். போனுக்கும் டவருக்கும் இடையே பாவிக்கிற அலைகளை மூடுபனி ஒன்றும் செய்யாது. மழையும் பெரிதாகச் செய்யாது. ஆனால் நனைந்த இலை அலையைக் குடிக்கும், வீட்டைச் சுற்றி சவுக்கும் கருப்பந்தைல மரமும் அடர்ந்திருந்தால் அந்த வித்தியாசம் தெரியும். அதைவிடப் பெரிய காரணம், மலைமேல் இருக்கிற பல டவர்கள் மற்ற டவரோடு மைக்ரோவேவ் தட்டு வழியாகத் தொடர்பு வைத்திருப்பதுதான். அந்தத் தட்டுகள் பாவிக்கிற மிக உயர்ந்த அலைகள் அடைமழையில் தடுமாறும். அதனால்தான் சில நாட்களில் திரையில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் வட்ஸ்அப் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

படி 3: உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை

விளம்பரத்தில் வருகிற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வட்ஸ்அப் குரல் கோலுக்கு விநாடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். சூம் வகுப்பில் பிள்ளை உட்கார 1 மெகாபிட் பக்கம் போதும். யூடியூபில் 480 தரத்தில் பாடம் பார்க்க ஏறத்தாழ 1, 720 தரத்துக்கு இரண்டரை. ஆக, ஒரு பிள்ளை படிக்கிற வீட்டுக்கு அறாமல் வருகிற 3 மெகாபிட் தாராளம். நாற்பது வந்து, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்து, மிஸ் சொல்லிக்கொண்டிருந்த கணக்கின் நடுவில் பிள்ளையை வெளியே தள்ளிவிடுகிற சிம்மைவிட இது நூறு மடங்கு மேல். 2020, 2021 கொரோனா காலத்தில் பாறை மேலும் மரத்தடியிலும் போன் பிடித்துக்கொண்டு படித்த பிள்ளைகளுக்குக் குறைந்தது வேகம் அல்ல, சிக்னல்தான்.

வேகம் உண்மையில் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை செய்கிறவர், வீடியோ ஏற்றுகிறவர், பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர், கொமினிகேஷன் கடைக்காரர். இவர்கள் பெரும்பாலும் டவுனில் அல்லது ரோட்டோரத்தில் இருப்பதால் இவர்களுக்குத் தேர்வும் அதிகம்.

5ஜி பற்றி ஒரு பந்தி போதும். ஆள் நெருக்கமான நகரத்துக்குத்தான் அது முதலில் வரும், எந்த நாட்டிலும். அதோடு பல இடங்களில் 5ஜி தனியாக நிற்பதில்லை, 4ஜியைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. 4ஜி நொண்டுகிற தோட்டத்துக்கு 5ஜி போன் வாங்கிக் கொண்டுபோனால் அது விலை கூடிய 4ஜி போன், அவ்வளவுதான். இருக்கிற டவரில் 900 அலையில் 4ஜி போட்டுத் தருகிற கம்பெனி, டவுனில் 5ஜி பலகை வைக்கிற கம்பெனியைவிடத் தோட்டத்துக்கு நல்லது செய்கிறது.

படி 4: கம்பெனிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலக்கத்தின் தொடக்கம் சொல்லிவிடும். 077, 076, 074 டயலொக். 071, 070 மொபிட்டெல். 078, 072 ஹட்ச். 075 எயார்டெல். இதில் 072 முன்பு எட்டிசலாட்டாக இருந்தது. 2018இல் ஹட்சோடு சேர்ந்துவிட்டது. எயார்டெல்லை 2024 ஜூனில் டயலொக் வாங்கிவிட்டது. ஆகவே பாதுகாப்புக்காக இரண்டு கம்பெனி சிம் வைக்கிறேன் என்று 072ம் 078ம் வைத்திருந்தால் ஒரே கம்பெனியைத்தான் இரண்டு தரம் வைத்திருக்கிறீர்கள். 077ம் 075ம் சேர்த்து வைப்பதும் இப்போது அந்தக் கணக்குத்தான்.

பொதுவாகச் சொன்னால் டயலொக், மொபிட்டெல் இரண்டுக்கும் நாட்டுப்புறத்தில் பரந்த வலையமைப்பு உண்டு. ஹட்ச் டேட்டா விலையால் இளைஞர்களை இழுக்கிறது. ஆனால் மலைக்குப் பொது விதி கிடையாது. ஒரு தோட்டத்தின் மேல்க்கணக்கில் ராஜாவாக இருக்கிற சிம் கீழ்க்கணக்கில் பிச்சைக்காரனாக இருக்கும். பசறைப் பக்கம் நல்லது என்பதால் லுணுகலையிலும் நல்லது என்று எடுக்கக்கூடாது.

படி 5: சரியான ஆளிடம் சரியான கேள்வி

“எந்த சிம் நல்லம்?” என்று கேட்டால் எல்லோரும் தாங்கள் வைத்திருப்பதைத்தான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். உங்கள் லயத்திலேயே, அதே வரிசையில், அதே பக்கம் வாசல் வைத்த வீட்டாரிடம் கேளுங்கள்: வீட்டுக்குள்ளே இருந்து கோல் பேச முடியுமா, வெளியே வர வேண்டுமா? இரவு எட்டு மணிக்கு வீடியோ ஓடுமா? கரண்ட் போனால் எவ்வளவு நேரத்தில் சிக்னல் போகும்?

நன்றாகத் தெரிந்த ஆட்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். தோட்டத்துக்கு ஹையர் ஓடுகிற த்ரீவீல் அண்ணன்மார். எந்த வளைவில் எந்த சிம் அறும் என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். குடும்பநல உத்தியோகத்தர், வீடு வீடாகப் போகிறவர், லயத்துக்கு லயம் வித்தியாசம் அவருக்குத் தெரியும். டவுனில் குடை விரித்து சிம் கொடுக்கிற தம்பிமாரிடம் விலை கேளுங்கள், பெக்கேஜ் கேளுங்கள். கவரேஜ் கேட்காதீர்கள், அவர் நிற்பது டவுனில், உங்கள் வீட்டை அவர் பார்த்ததில்லை.

கம்பெனிகளின் இணையத்தளத்தில் உள்ள கவரேஜ் படம் கம்பியூட்டர் கணித்தது. வெளியில் திறந்த இடத்தில் நிற்பவருக்கான கணிப்பு. வெள்ளையாக விட்டிருந்தால் நம்பலாம், பச்சையாக இருந்தால் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

படி 6: அளந்து பாருங்கள்

காசு செலவில்லாத சோதனை ஒன்று முதலில். போனில் செட்டிங்ஸ் போய், மொபைல் நெட்வொர்க் பகுதியில் நெட்வொர்க் ஒப்பரேட்டர் என்பதைத் தொட்டு, தானாகத் தேர்வு செய்வதை நிறுத்தினால் போன் சுற்றியுள்ள எல்லாக் கம்பெனியையும் தேடும். ஓரிரு நிமிடம் எடுக்கும். அந்த இடத்தில் எட்டுகிற கம்பெனிகளின் பெயர் வரிசையாக வரும். சில போன்களில் 2ஜி, 4ஜி என்பதும் பக்கத்தில் வரும். அந்தக் கம்பெனி சிம் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. பார்த்து முடிந்ததும் திரும்பத் தானாகத் தேர்வு செய்ய விட்டுவிடுங்கள், மறந்தால் உங்கள் சிம் வேலை செய்யாமல் நிற்கும்.

இன்னொரு தடயம்: திரையில் “அவசர அழைப்புகள் மட்டும்” என்று வந்தால், பெரும்பாலும் உங்கள் கம்பெனி அங்கே இல்லை, வேறொரு கம்பெனி இருக்கிறது என்று பொருள். அது யார் என்பதை மேலே சொன்ன தேடல் காட்டும்.

அடுத்தது எண். மேலே தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ், எபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் டிபிஎம் (dBm) என்று மைனஸ் எண் ஒன்று இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். மைனஸ் என்பதால், அந்தக் குறிக்குப் பின்னால் வருகிற எண் சின்னதாக இருந்தால்தான் நல்லது: -119ஐவிட -97 நல்லது. 4ஜிக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

-90ம் அதைவிட நல்லதும்: கவலையில்லை.
-90 முதல் -105 வரை: எல்லா வேலையும் நடக்கும்.
-105 முதல் -115 வரை: இழுத்துப் பறித்து நடக்கும், காம்பராவுக்குள் சந்தேகம்.
-115ஐவிட மோசம்: மெசேஜ் வரும், கோல் அறும்.

பத்து எண் வித்தியாசம் என்றால் சிக்னல் பலத்தில் பத்து மடங்கு. ஆகவே -100க்கும் -110க்கும் இடையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. 4ஜி எண்ணை 4ஜி எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். 2ஜிக்கும் 3ஜிக்கும் அளவுகோல் வேறு.

லிந்துலைப் பக்கம் அக்கா வீட்டில் அளந்ததைச் சொல்கிறேன். இஸ்தோப்பில் தூணோரம் -97. வாசலைத் தாண்டி முன் காம்பராவில் கட்டிலில் உட்கார்ந்தால் -109. குசினியில், அடுப்புப் பக்கம், -119. மொத்தம் சில அடி தூரம்தான். அக்கா பகலில் பாதி நேரம் குசினியில், அதனால்தான் அவருக்கு எடுக்கிற கோல் எல்லாம் “தொடர்புகொள்ள முடியாதுள்ளது” என்று வந்துகொண்டிருந்தது. மற்றக் கம்பெனி சிம்மைப் போட்டதும் இஸ்தோப்பில் -101, அதாவது முன்னதைவிடக் கொஞ்சம் மோசம். ஆனால் குசினியில் -108. அந்த டவர் பின்பக்க எதிர்மலையில் இருந்தது, குசினி யன்னல் அதைப் பார்த்து இருந்தது. வாசலில் மட்டும் அளந்திருந்தால் தவறான சிம்மைத்தான் தேர்ந்திருப்போம்.

அளக்கும்போது கோலும் எடுத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று. “அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை” என்பது மலையகத்தில் பழகிப்போன முறைப்பாடு. காரணம் எளிது. டவர் பல பத்து வாட் பலத்தில் பேசுகிறது. உங்கள் போன் 4ஜியில் உச்சமாக 0.2 வாட்டில்தான் பதில் சொல்கிறது. விளிம்பில் இருக்கும்போது முதலில் தோற்பது போனின் குரல். இதே காரணத்தால் படம் இறங்கும், ஏறாது. ஸ்பீட்டெஸ்ட் பார்ப்பவர்கள் இறங்குகிற வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஏறுகிற வேகத்தையும் பாருங்கள். வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்புகிற பிள்ளைக்கு அதுதான் வேண்டும். ஸ்பீட்டெஸ்ட் டேட்டாவை நன்றாகச் சாப்பிடும், அடிக்கடி அடிக்காதீர்கள்.

நேரமும் மாற்றிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லோரும் மலையில், டவர் சும்மா இருக்கும், எந்த சிம்மும் பறக்கும். இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும்தான் சோதனை. சனம் கூடுகிற நாட்களும் வேறு கதை: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வீடு வந்தால் தோட்டத்து டவர் திணறும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரையிலான சிவனொளிபாதமலைக் காலத்தில் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கமும், ஏப்ரலில் நுவரெலியாவிலும் அப்படித்தான். அந்த நாளில் மெதுவாக இருந்ததை வைத்து சிம்மைத் தூக்கி எறிய வேண்டாம்.

சோதனைக்கு சிம் வாங்க வேண்டியதில்லை. சொந்தக்காரர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அவர் போனோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஆனால் முடிவு எடுக்குமுன் அந்த சிம்மை உங்கள் போனில் போட்டும் பாருங்கள். அடுத்த படி அதற்குத்தான்.

படி 7: குற்றம் சிம்மிலா, போனிலா?

பழைய அல்லது மலிவான போன் எல்லா அலைகளையும் எடுக்காது. 4ஜி என்று பெட்டியில் இருக்கும், ஆனால் 900 அலையில் 4ஜி எடுக்காது. வாங்கும்போது பேண்ட் 8 (அது 900), பேண்ட் 3 (அது 1800) இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய போனுக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். *#06# அடித்தால் வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, IMEI என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு எழுதி 1909க்கு மெசேஜ் அனுப்பினால் அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன் கடையிலேயே நின்று இதைச் செய்யுங்கள்.

வோல்ட்டி (VoLTE) என்பது இன்னொன்று. 4ஜி வழியாகவே சாதாரண கோல் பேசுகிற வசதி. அது இல்லாத போன், கோல் வந்ததும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். வீட்டுக்குள் 4ஜி மட்டும் எட்டுகிற இடம் என்றால், வட்ஸ்அப் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும், கோல் மட்டும் வராது. பலர் சிம்மைத் திட்டுவது இதற்குத்தான். செட்டிங்ஸில் வோல்ட்டி என்ற ஆளி இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் போன் மொடலுக்கு வசதி திறந்திருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். சிலர் வேகத்துக்காகப் போனை 4ஜி மட்டும் என்று பூட்டி வைப்பார்கள். வோல்ட்டி இல்லாத போனில் அப்படிச் செய்தால் கோல் வாசலை நீங்களே அடைத்த மாதிரி.

படி 8: முடிவு

கொப்பித் தாளில் இப்போது இடங்களும் எண்களும் இருக்கும். அதை வைத்து:

கட்டாயம் என்று குறித்த இடத்தில் ஒரே ஒரு கம்பெனிதான் எடுக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். அதுதான் முதல் சிம், விலை கூடினாலும். இரண்டு கம்பெனி எடுக்கிறது, ஒன்று 2ஜி அல்லது 3ஜி, மற்றது 4ஜி என்றால், போனில் வோல்ட்டி இருந்தால் 4ஜிக்காரரை எடுங்கள்; இல்லையென்றால் கோலுக்கு மற்றவரை வைத்து டேட்டாவுக்கு 4ஜிக்காரரை எடுங்கள். இரண்டும் 4ஜி, இரண்டும் -105ஐவிட நல்லது என்றால் அப்போதுதான் இரவு வேகத்தையும் பெக்கேஜ் விலையையும் பார்க்க வேண்டும். ஹட்டன், பண்டாரவளை, பதுளை, நாவலப்பிட்டி டவுனில் குடியிருப்பவர் பெரும்பாலும் நேரே இந்தக் கடைசி நிலைக்கு வந்துவிடுவார். அவர் வேகத்தைப் பார்த்து எடுப்பதில் தப்பே இல்லை.

வேலைக்காகத் தினமும் ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர் வழி நெடுகிலும் 4ஜி தேடி அலைய வேண்டாம். நானுஓயாவுக்கும் அப்புத்தளைக்கும் இடையில் காடும் சுரங்கமும் மலைவெட்டும் மாறி மாறி வரும், எந்தக் கம்பெனியும் அறுந்து அறுந்துதான் வரும். பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: இரண்டு சிம்

தோட்டத்தில் இருப்பவருக்கு இரண்டு கம்பெனி சிம் ஆடம்பரம் இல்லை. இரண்டு சிம் போடுகிற போன்தான் இப்போது அதிகம் கிடைக்கிறது. வீட்டில் எடுக்கிற சிம்மைக் கோலுக்கும், மற்றதை டேட்டாவுக்கும் அல்லது மலைக்கும் டவுனுக்கும் வையுங்கள். வங்கியும் அஸ்வெசும நிவாரணக்காரர்களும் பிள்ளையின் பாடசாலையும் தெரிந்துவைத்திருக்கிற இலக்கம் எதுவோ அதை மாற்றாதீர்கள். அது வீட்டில் எடுக்கிற சிம்மாக இருந்தால் இன்னும் நல்லது. இரகசிய இலக்கம் மெசேஜில் வரும்போது பாறை தேடி ஓட வேண்டியதில்லை.

குடும்பமாக இருந்தால் இன்னும் மலிவான வழி உண்டு: கணவனும் மனைவியும் வேறு வேறு கம்பெனி. வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனி எடுத்தால் தங்களுக்குள் பேசுவது மலிவு என்பது பழைய கணக்கு. ஒரு டவர் விழுந்தால் வீடு முழுவதும் ஊமையாகிவிடும்.

பாவிக்காத சிம்மில் இடைக்கிடை சின்ன ரீலோட் போட்டு ஒரு கோல் எடுங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்தால் இலக்கம் போய்விடும். சிம் உங்கள் அடையாள அட்டையில், உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கங்காணி பெயரிலும் கொழும்பில் இருக்கிற மைத்துனர் பெயரிலும் இருக்கிற சிம் தொலைந்தால் திரும்ப எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

படி 10: வீட்டுக்கு ரௌட்டர் வைப்பவர்களுக்கு

ஃபைபர் உங்கள் ரோட்டுக்கு வந்திருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். கம்பி வந்த வீட்டில் மலை ஒரு பிரச்சினையே இல்லை. சில கம்பெனிகளில் வைஃபை வழியாகவே சாதாரண கோல் பேசும் வசதியும் உண்டு, அது உங்கள் போனுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கம்பி வராத இடத்தில் 4ஜி ரௌட்டர்தான். அதை அழகுக்கு ஷோகேசில் டீவிக்குப் பக்கத்தில் வைக்காமல் டவர் பக்கத்து யன்னலில் வையுங்கள். வெளி அன்டெனா பூட்டுகிற ஓட்டை உள்ள ரௌட்டர் வாங்கினால் கூரைக்கு மேல் அன்டெனா ஏற்றி, வயரை உள்ளே கொண்டுவரலாம்; தகரத்தின் சதி அங்கே முடிந்துவிடும். வயர் நீண்டால் பலன் குறையும். அன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கீழே ஒருவர் ரௌட்டரின் எண்ணைப் படித்துச் சொல்ல, நல்ல எண் வருகிற இடத்தில் இறுக்குங்கள். இடிமின்னல் காலத்தில் வயரைக் கழற்றிவிடுங்கள். பூஸ்டர் என்று விற்கிற பெட்டிகளை வாங்காதீர்கள்: ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பாவிப்பது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டார் சிக்னலையும் அது குழப்பும்.

படி 11: கரண்ட் இல்லாத இரவுக்கு

சிம் தேர்வில் பலரும் பார்க்காத விஷயம் இது, மலையில் இதுதான் உயிர் விஷயம். டவருக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெட்டரி, சில இடங்களில் ஜெனரேட்டர். பெட்டரி பழுதான டவர் கரண்ட்டோடு சேர்ந்தே போகும். நல்ல பெட்டரி உள்ளது பல மணி நேரம் தாங்கும். அடுத்த தரம் கரண்ட் போகும்போது இரண்டு சிம்மையும் பார்த்துக்கொண்டிருங்கள், எது முதலில் போகிறது என்று. விலைப்பட்டியல் எதிலும் இது எழுதியிருக்காது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவோடு கரண்ட்டும் தொலைபேசியும் சேர்ந்தே போயின. சொந்தக்காரர் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சனம் தவித்தது. எந்த சிம்மும் அந்த நாளுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வேறு வேறு மலையில் நிற்கிற வேறு வேறு கம்பெனி டவர் இரண்டு கையில் இருந்தால், இரண்டும் ஒன்றாகப் போகிற வாய்ப்புக் குறைவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிற நாட்களில் பவர் பேங்கை நிரப்பி வையுங்கள்; டேட்டாவை மூடி வையுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் உச்சப் பலத்தில் கத்திக்கொண்டே இருப்பதால் பெட்டரி வேகமாக இறங்கும். கோல் போகாத இடத்தில் மெசேஜ் போகும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119. இரண்டையும் தாத்தாவின் பட்டன் போனிலும் பதிந்து வையுங்கள்.

படி 12: ஒன்றுமே எடுக்காத இடம் என்றால்

அப்படிப்பட்ட கணக்குகள் இன்னும் இருக்கின்றன. தனி ஆளாக ஹொட்லைனில் முறைப்பாடு செய்தால் “டவரைப் பரிசோதிக்கிறோம்” என்று மெசேஜ் வரும், அதோடு சரி. லயத்தில் உள்ளவர்கள் சேர்ந்து கடிதம் எழுதுங்கள். தோட்டத்தின் பெயர், கணக்கின் பெயர், கிராம சேவகர் பிரிவு, எத்தனை குடும்பம், பாடசாலை போகிற பிள்ளைகள் எத்தனை பேர், எந்த இடத்தில் எந்தக் கம்பெனி எண் என்ன என்று படி 6இல் எடுத்த அளவுகளை அப்படியே போடுங்கள். முதலில் கம்பெனிக்கு. பதில் வராவிட்டால் அந்த முறைப்பாட்டு இலக்கத்தோடு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. பிரதியை பிரதேச செயலாளருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். டவர் கட்ட நிலம் வேண்டும், அந்த நிலம் தோட்டத்துக் கையில் இருக்கிறது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.